முதுமலைக்குப் போகிறோம், ரூம் எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கு லீவு விட்டால் போதும், சொந்தத்தில் யாராவது ஒருவர் போன் போட்டுவிடுவார். "முதுமலை போறோம், எங்க தங்கறது?" கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அடிக்கடி அந்தப் பக்கம் போய்வருவதால் இந்தக் கேள்வி எப்படியோ என் தலையில் வந்து விழுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஊட்டியிலேயே தங்கிக்கொண்டு ஒரு நாள் முதுமலைக்குப் போய் வந்தால் போதாதா?

முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். முக்கால்வாசிப் பேர் "ஒண்ணுமே இல்லப்பா, நாலு மான்தான்" என்று திரும்பி வருவதற்கும் காரணம் இதுதான்.

மேப்பில் பார்த்தால் ஊட்டியிலிருந்து, காட்டை ஒட்டிய மசினகுடிக்கு கல்லட்டி மலைப்பாதை வழியாக முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் நிறைய விபத்துகள் நடந்துவிட்டதால், வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. உள்ளூர் பதிவெண் உள்ள வண்டிகள் இறங்கலாம். நம்மைப் போன்றவர்கள் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறலாம், அவ்வளவுதான். அப்படியென்றால் கூடலூரைச் சுற்றித்தான் போக வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து, சஃபாரி கிளம்பும் தெப்பக்காடு பதினெட்டு. மலைப்பாதை, லாரிகள், நடுவட்டத்தில் ஒரு டீ. எல்லாம் சேர்த்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

கிலோமீட்டரைவிடப் பெரிய தொல்லை நேரம். காட்டில் விலங்குகள் நடமாடுவது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும்தான். வனத்துறை வண்டியின் முதல் சுற்று காலை ஆறரை வாக்கில் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும். ஊட்டியிலிருந்து நாலு மணிக்கே புறப்பட்டாலும், காட்டுக்குள் நுழையும் தொரப்பள்ளி சோதனைச்சாவடி ஆறு மணிக்குத்தான் திறக்கும். ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் நின்று உள்ளே போவதற்குள் வெயில் ஏறிவிடும். சாயங்காலமோ, வெளிச்சம் போவதற்குள் மலை ஏறியாக வேண்டும் என்ற பதற்றத்தில் நாலரைக்கே கிளம்பிவிடுவீர்கள். ஆக, பார்க்க வேண்டிய இரண்டு வேளையும் போச்சு. மிச்சம் இருப்பது உச்சி வெயில்.

நான் முதன்முதலாகப் போனது இப்படித்தான். ஊட்டியில் ஏரிக்குப் பக்கத்தில் ரூம், கம்பளி போர்வை, எல்லாம் ஜோர். முதுமலையில் பார்த்தது புள்ளிமான், குரங்கு, எங்களைப் போலவே ஏமாந்து நின்ற இரண்டு டெம்போ டிராவலர்.

அப்படியானால் எந்தப் பக்கம் தங்கலாம்?

முதுமலைப் புலிகள் காப்பகம் வெளிவட்டத்தையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். வடக்கே பந்திப்பூர், மேற்கே வயநாடு. 1940இல் சரணாலயமாக ஆரம்பித்தது, 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. இவ்வளவு பெரிய காட்டில் பயணிகளுக்குத் தங்க வழி உள்ள பக்கங்கள் நாலுதான்.

தெப்பக்காடு: காட்டின் நடு. யானை முகாம், வனத்துறை வரவேற்பு மையம், சஃபாரி கிளம்பும் இடம் எல்லாம் இங்கேதான். வனத்துறை விடுதிகள் உண்டு. இடம் கிடைத்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

மசினகுடி: தெப்பக்காட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் கிழக்கே. கடை, ஓட்டல், ஜீப் ஸ்டாண்ட் எல்லாம் உள்ள சின்ன ஊர். இதைச் சுற்றி பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், சிங்காரா, மாயார் என்று எல்லாத் திசையிலும் தனியார் விடுதிகள். நிறையப் பேருக்குப் பொருந்துவது இந்தப் பக்கம்தான்.

கூடலூர்: ஊர், பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ். விலை குறைவு. ஆனால் தொரப்பள்ளி சாவடிக்கு வெளியே இருப்பதால் காலை ஆறு மணிக் கதை இங்கேயும் உண்டு. வயநாட்டுக்கும் சேர்த்துத் திட்டம் போடுபவர்களுக்குச் சரிவரும்.

பந்திப்பூர்: கக்கனல்லா தாண்டினால் கர்நாடகம். அந்த மாநில அரசு நடத்தும் விடுதிகள் அங்கே நன்றாக இருக்கும். ஜீப்பில் கூட்டிப்போகிற சஃபாரியும் அவர்களுடையதுதான்; வேறு கணக்கு, வேறு கட்டணம். புலி ஒன்றுதான் குறி, பணம் பரவாயில்லை என்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். பெங்களூரு, மைசூரிலிருந்து வருபவர்களுக்கும் அதுதான் முதலில் வரும்.

வனத்துறை விடுதி எப்படி இருக்கும்? குடும்பத்தோடு தங்கலாமா?

தாராளமாகத் தங்கலாம். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி ஆகிய இடங்களில் இருக்கின்றன. சிலது தனி அறை, சிலது பத்துப் பதினைந்து பேர் படுக்கிற டார்மிட்டரி. காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். சனி ஞாயிறுக்கும் நீண்ட விடுமுறைக்கும் சீக்கிரமே நிரம்பிவிடும், அதனால் வாரநாளில் போக முடிந்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நட்சத்திர ஓட்டலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். டிவி இருக்காது. வெந்நீர் சில நேரம் பக்கெட்டில் வரும். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் "ஒரு ஆம்லெட் கிடைக்குமா" என்றால் கிடைக்காது. இருட்டிவிட்டால் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ராத்திரி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோகும். அதுவரை லாரிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த மாயாற்றின் ஓசை, யாரோ திறந்துவிட்ட மாதிரி அறைக்குள் வரும். நடு ராத்திரியில் மான் ஒன்று விட்டு விட்டுக் கத்தும். அடுத்தது இன்னும் கொஞ்சம் தள்ளி. ஏதோ ஒன்று ஆற்றோரமாக நடந்துபோகிறது, மான்கள் அதை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன என்று படுத்தபடியே புரிந்துகொள்ளலாம். நான் முதுமலையில் கேட்டதில் பாதிகூடப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை.

மசினகுடியில் இத்தனை ரிசார்ட் இருக்கிறதே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா ரிசார்ட்டின் போட்டோவிலும் பின்னால் அதே மலை, முன்னால் அதே நீல நிற நீச்சல் குளம். போன் போட்டு நாலு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பாதை எப்படி. சில விடுதிகளுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் கல்லும் குழியும். கார் அடி தட்டும். பாதி வழியில் யானை நின்றால் திருப்பக்கூட இடம் இருக்காது.

இரண்டாவது, அறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், ராத்திரி யார் கூட்டிப்போவார்கள். இது சில்லறை விஷயம் இல்லை. ஒழுங்காக நடத்துகிற இடத்தில், பெரிய டார்ச்சோடு ஒரு ஆள் வந்து நின்று, முதலில் இரண்டு பக்கமும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப வாங்க" என்பார். நாமாக ஒரு அடி வைத்தால் திட்டுவார். நான் தங்கிய ஒரு விடுதியில் அப்படி ஒருவர் திடீரென்று டார்ச்சை அணைத்துக் கையைக் குறுக்கே நீட்டினார். முன்னால் கறுப்பாக ஒரு பாறை. மூச்சு விடுகிற பாறை. காட்டெருமை. பத்து நிமிஷம் அசையாமல் நின்றோம், அது புல்லைப் பிடுங்குகிற சத்தம் மட்டும் சரக் சரக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இட்லி ஆறிப்போனதுதான் நஷ்டம்.

மூன்றாவது, பாட்டுப் போடுவீர்களா, கேம்ப் ஃபயர் உண்டா என்று கேளுங்கள். "உண்டு சார், டிஜே கூட ஏற்பாடு பண்ணலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். டிஜேவுக்குக் கோயம்புத்தூரிலேயே இடம் இருக்கிறது.

நாலாவது கேள்விக்குத் தனியாக ஒரு பதில் வேண்டும்.

அனுமதி உள்ள விடுதியா என்று நாம் ஏன் பார்க்க வேண்டும்?

மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து கிழக்கே சத்தியமங்கலம் பக்கம் யானைகள் போய்வருவது இதன் வழியாகத்தான். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சுவர், மறுபக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளத்தாக்கு. நடுவில் இருக்கிற இந்தக் குறுகிய சமவெளியை விட்டால் அவற்றுக்கு வேறு வழி இல்லை. அந்த வழியில்தான் ரிசார்ட்டுகளும் வேலிகளும் முளைத்தன. 2010இல் தமிழக அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்தது. வழக்கு நடந்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 27 விடுதிகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமைக்காரர்களின் முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

இதெல்லாம் கோர்ட் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். முன்பணம் கட்டிய விடுதி நீங்கள் போகிற வாரம் பூட்டிக் கிடந்தால் நமக்குத்தான் தலைவலி. என் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. போனில் "வேற இடம் அரேஞ்ச் பண்றேன் சார்" என்றவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மசினகுடி கடைத்தெருவில் ரூம் தேடியிருக்கிறார்.

அதனால் உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, ரசீது விடுதியின் பேரில் வருமா என்று கேளுங்கள். வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி 'ஹோம்ஸ்டே' என்று நடத்துபவர்களிலும் முறையாக அனுமதி வாங்கியவர்கள் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் பிரச்சினை இல்லாதது. காட்டோரத்தில் தனியாக நிற்பதைத்தான் இரண்டு முறை விசாரிக்க வேண்டும்.

"எங்கள் ரூம் வாசலுக்கே யானை வரும்" என்கிறார்களே, நல்லதுதானே?

இல்லை. அப்படிச் சொல்கிற இடத்தைத்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டும்.

யானை தானாக வந்தால் அது அதன் வழி. வரவழைத்தால் வேறு கதை. உப்புக்கட்டி வைப்பது, பலாப்பழத்தை வெட்டிப் போடுவது, மிச்சச் சாப்பாட்டைக் கொல்லையில் கொட்டுவது என்று சில இடங்களில் நடக்கிறது. மனித வாடைக்குப் பழகிய யானை பிறகு ஊருக்குள் வரும், வயலுக்குள் வரும், கடைசியில் அடி வாங்குவதும் அதுதான். 2021 ஜனவரியில், மசினகுடி பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியருகே வந்த யானையின் மீது தீப்பற்றிய பொருளை எறிந்தார்கள். காதில் தீயோடு அது ஓடிய காட்சியை அந்த மாதம் தமிழ்நாடே பார்த்தது. ஏற்கெனவே முதுகில் புண்ணோடு அலைந்த யானை. சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துவிட்டது. அதற்குப் பிறகு "வாசலுக்கே வரும்" என்ற விளம்பரத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை.

நைட் சஃபாரி உண்டு என்று ஜீப்காரர் சொல்கிறார். போகலாமா?

கூடாது. இரவில் காட்டுக்குள் சஃபாரி என்று எதுவும் அனுமதிக்கப்படவில்லை. பிடிபட்டால் அபராதம்.

பகலிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பகத்துக்குள் போவது தெப்பக்காட்டில் வனத்துறை நடத்தும் சஃபாரி மட்டும்தான், ஏறத்தாழ ஒரு மணி நேரம். மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் கூட்டிப்போவது பொக்காபுரம், சிங்காரா, மாயார் பக்கத்துப் பொதுச் சாலைகளில். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன்; அந்த ஓட்டுநர்களில் சிலருக்கு எந்தப் புதரில் எது படுத்திருக்கும் என்று அத்துப்படி. ஆனால் 'கோர் ஏரியா', அதாவது காட்டின் உள்மையம், என்று சொல்லிப் பணம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ராத்திரி எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்?

பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. 2009இலிருந்து இருக்கிறது. "ஒன்பதேகால்தானே ஆகிறது" என்றால் விட மாட்டார்கள். நான் கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் விடுதிக்குள் இருக்கும்படி கிளம்புங்கள். வேலை முடித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து புறப்படுபவர்கள் அன்றிரவு கூடலூரிலோ ஊட்டியிலோ படுத்துவிட்டு விடிந்ததும் போவதே மேல்.

இ-பாஸ், பிளாஸ்டிக் தொல்லை எல்லாம் உண்டா?

உண்டு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மைசூர் வழியாகக் கக்கனல்லாவில் நுழைந்தாலும் அதுவும் நீலகிரிதான். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள், அதனால் ரூம் போட்ட கையோடு இதையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

எந்த மாதம் போனால் எங்கே தங்குவது?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் காட்டில் மழை மேற்கிலிருந்து கிழக்கே குறைந்துகொண்டே வரும். கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும்போது தெப்பக்காட்டில் சாரல், மசினகுடியில் வெறும் காற்றாகக்கூட இருக்கும். மாயார் பக்கம் போனால் முள்காடு. அதனால் தென்மேற்குப் பருவமழையில் போகிறவர்கள் மசினகுடியைப் பிடியுங்கள். நனையாமல் பச்சையைப் பார்க்கலாம். ஆனால் மழைக்குப் பிறகு உண்ணிச்செடி ஆளுயரம் வளர்ந்து நிற்கும். பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலை உதிர்ந்து காடு வெளிச்சமாக இருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். பார்ப்பதற்கு நல்ல காலம். அதே காரணத்தால் காட்டுத்தீ பயமும் அப்போதுதான். சில ஆண்டுகள் சுற்றுலாவையே நிறுத்திவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் விசாரியுங்கள். மாசி மாதம் பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா வரும். பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வந்து குவியும். திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் சந்தோஷம். அமைதிக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த வாரம் வேண்டாம்.

குளிரைப் பற்றி: ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மசினகுடி அதில் பாதிதான். டிசம்பரில்கூட ஒரு ஸ்வெட்டர் போதும்.

சொந்த வண்டி இல்லை. முடியுமா?

முடியும். ஊட்டிக்கும் மைசூருக்கும் நடுவே ஓடும் பஸ்கள் தெப்பக்காட்டில் நிற்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாகவே சின்ன அரசு பஸ் உண்டு. நம் காரை விடாத பாதையில் அந்த ஓட்டுநர் ஒரு கையால் திருப்பிக்கொண்டு போவார், ஜன்னலோரம் உட்காருங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஊருக்குள்ளேயே ரூம் போட வேண்டும். பொக்காபுரத்துக்கோ மாவனல்லாவுக்கோ நடந்து போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது.

புலி பார்க்க முடியுமா?

அதை நம்பி ரூம் போடாதீர்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள். ஒரே ஒரு ராத்திரிதான். என்ன செய்யலாம்?

மசினகுடி ஊரை ஒட்டி, தார் ரோட்டிலேயே வாசல் உள்ள விடுதியாகப் பாருங்கள். சாப்பாட்டு அறை பக்கத்திலேயே இருக்கட்டும். முதல் நாள் மதியம் கூடலூரில் சாப்பிட்டுவிட்டு, டீசல் போட்டுவிட்டு, மூன்று மணிக்குத் தெப்பக்காடு. வனத்துறை சஃபாரி முடித்து, சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணி வாக்கில் யானை முகாமில் சாப்பாடு கொடுப்பதைப் பாருங்கள். கேழ்வரகையும் கொள்ளையும் வேகவைத்து, வெல்லம் உப்பு சேர்த்து, செங்கல் பருமனுக்குக் களிக்கட்டி பிடித்து ஒவ்வொரு யானைக்கும் வாயில் ஊட்டுவார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். புலியைப் பார்க்காத குழந்தைகள் அந்தக் களிக்கட்டியைத்தான் ஸ்கூலில் போய்ச் சொல்லும்.

அங்கிருந்து இருட்டுவதற்குள் நேராக விடுதி. நடுவில் எங்கேயும் இறங்க வேண்டாம், பாட்டிக்குப் போட்டோ எடுக்கவும் வேண்டாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, விடுதிக்காரர் சொல்கிற பக்கமாகச் சாலையில் மெல்ல ஒரு சுற்று. அப்புறம் சூடாகப் பரோட்டாவோ தோசையோ சாப்பிட்டுவிட்டு கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறிவிடுங்கள். ஏறும் வழிக்குத் தடையில்லை. வாந்தி வருகிற பிள்ளைக்கு முன் சீட்டைக் கொடுத்துவிடுங்கள், 36 வளைவு இருக்கிறது.